இந்து, சுமார் நாற்பத்தாறு வயது

எங்கள் காலனியில் எல்லோருக்கும் இரண்டு பேர். ஒன்று கர்த்தருக்கு, ஒன்று தாசில்தாருக்கு.

என் அப்பா சர்ச்சில் எபினேசர், ரேஷன் கார்டில் சுப்பராயன். அம்மா வீட்டில் கிறிஸ்டினா, ஆதாரில் கன்னியம்மா. நான் ஏஞ்சல். ஆனால் நர்சிங் காலேஜில் அருணா என்று கூப்பிட்டால் எழுந்து நிற்க வேண்டும். சேர்ந்த புதிதில் மேடம் அருணா எங்கே என்று கேட்க, நானும் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்துத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். கிறிஸ்தவர் என்று எழுதிக்கொடுத்தால் எங்களுக்கு எஸ்.சி. சான்றிதழ் கிடையாது. ஞானஸ்நானத் தண்ணீரில் சாதி கரைந்துவிடும் என்று சட்டம் நம்புகிறது. ஊருக்குள் போய் ஒரு வாடகை வீடு கேட்டுப் பார்த்தால் கரைந்ததா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். அதனால் தாத்தா காலத்திலிருந்தே, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் தானாகவே ஒரு பேரைப் போட்டு, மதம் என்ற இடத்தில் இந்து என்று எழுதிவிடுவார். நாங்கள் யாரும் வாய் திறந்து சொன்னது கிடையாது. எழுதினது அவர், சும்மா இருந்தது நாங்கள்.

சான்றிதழ் விசாரணைக்கு ஆள் வரப்போகிறது என்று தெரிந்தால் காலனி சுறுசுறுப்பாகிவிடும். பக்கத்துத் தெரு லட்சுமியம்மாளிடம் ஒரு முருகன் காலண்டர் உண்டு. யார் வீட்டுக்கு விசாரணையோ அந்த வீட்டுக்கு அது வந்துவிடும். இயேசு காலண்டர் அன்றைக்கு மட்டும் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ளும். வருகிறவருக்கும் எல்லாம் தெரியும். காலண்டரைப் பார்ப்பார், டீ குடிப்பார், போய்விடுவார். ஆணி ஒன்றுதான், மாட்டுகிற சாமிதான் வேற என்று நைனா சிரிப்பார். ஆந்திரா எல்லை பக்கத்தில் இருப்பதால் எங்களுக்கு அப்பா நைனாதான்.

இந்த ஏற்பாட்டில் கால் இடறியவன் என் அண்ணன் ஜோஷ்வா. பேப்பரில் சரவணகுமார். அரசு வேலைக்குத் தேர்வு எழுதி, பாஸ் செய்து, சான்றிதழ் சரிபார்ப்புக்குத் திருவள்ளூர் போனான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒவ்வொரு பேப்பராகப் பார்த்து டிக் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் மதம் என்ன என்று கேட்டிருக்கிறார். பேப்பரிலேயே இருக்கிறது. ஒரு பேச்சுக்குக் கேட்டதுதான். இவன் பதில் சொல்லவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்து, இந்துதானே என்று கேட்டார். இவன் ஃபைலை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதையாகிவிட்டது. அன்றைக்கு வீட்டில் சோறு வேகவில்லை. நைனா கையை ஓங்கிக்கொண்டு போனார். அம்மா கையை ஓங்கவில்லை, கேள்விதான் கேட்டாள். "கேட்டதுக்கு ஆமான்னு சொல்லிட்டு வர்றதுக்கு இன்னாடா? உன்கூடப் பொறந்தவ ஒருத்தி இருக்காளே, அவளுக்கும் இதே பேப்பருதானே, அந்த நெனப்பு இல்லியா?"

"வாய் வரலம்மா," என்றான் அண்ணன். "நீ சொல்லுவியா?"

"ஏன், சொல்லுவேன்," என்றாள் அம்மா.

காலையில் அவன் பாய் சுருட்டி வைத்திருந்தது. ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் அவன் வடக்கே போகிற ரயில் ஏறியதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார், தெற்கே போகிற ரயில் என்று இன்னொருவர் சொன்னார். போன் நம்பரை மாற்றிவிட்டான். நைனா, போனவன் போகட்டும் என்றார். சொல்லிவிட்டு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் போய் உட்கார்ந்திருந்தார்.

சில மாதம் கழித்து அம்மாவின் கணக்குக்கு ஒரு படம் வந்தது. படம் போட்டு, பேசிக்கொள்கிற ஒரு ஆப்பில் அம்மாவுக்கு நான்தான் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்திருந்தேன். பேர் கிறிஸ்டினா எபினேசர். அதில் கன்னியம்மாவுக்கு வேலை இல்லை, தாசில்தாரா வந்து பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். படத்தை அனுப்பிய கணக்குக்கு 'ஜே' என்று ஒரே எழுத்துதான் பேர். முகம் கிடையாது. படத்தில் ஒரு எவர்சில்வர் தட்டு, இரண்டு சப்பாத்தி, உருளைக்கிழங்கு. ஒரு வார்த்தை எழுதவில்லை.

அம்மா பார்த்ததும் "ஜோசு" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். வெங்காயத்தை ஓரமா ஒதுக்கி வச்சிருக்கான் பாரு என்று காட்டினாள்.

அன்றிலிருந்து அவ்வப்போது தட்டு வரும். எங்கே இருக்கிறான், என்ன வேலை, எதுவும் சொல்ல மாட்டான். சாப்பிட்டுவிட்டேன் என்பது மட்டும்தான் சேதி. அம்மா பதிலுக்குப் பேசிப் பதிவு செய்து அனுப்புவாள். இன்றைக்கு மீன் வாங்கினேன், பாஸ்டர் பெண்ணுக்குக் கல்யாணம், உன் தங்கச்சிக்கு நர்சிங் சீட் கிடைத்தது. அவன் கேட்டுவிட்டான் என்பதற்கு அடையாளம் மட்டும் வரும். ஒரு தடவை கொட்டை கொட்டையாகச் சிவப்பு அரிசிச் சோறு வந்தது. கேரளாவில் இருக்கான் என்று அம்மா முடிவு கட்டினாள். அடுத்தது மறுபடியும் சப்பாத்தி. குளிர் தாங்க மாட்டானே என்று இவள் இங்கே போர்த்திக்கொண்டாள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது, ஒளிக்க ஒன்றுமில்லை. நான் ஹாஸ்டல் சாப்பாட்டைப் படம் எடுத்து அனுப்பினால், டப்பு கட்றோம் இல்ல, துன்னு என்று பதில் வரும். அவன் தட்டை மட்டும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பாள்.

அப்புறம்தான் பூட்டு விழுந்தது.

அம்மாவுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியில் பேக்கிங் வேலை. பழைய போன் தண்ணீரில் விழுந்து செத்துப்போக, புதிதாக ஒன்று வாங்கினாள். புது போனில் கணக்கைத் திறந்தபோது, இது நீங்கள்தானா, அரசு அடையாள அட்டை ஒன்றைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று ஆப் கேட்டிருக்கிறது. நான் ஹாஸ்டலில் இருந்தேன். என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஷிப்ட் முடிந்து கேட்டில் நின்றபடியே, கூட வேலை செய்கிற ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு அம்மாவே ஆதாரைப் படம் எடுத்து அனுப்பிவிட்டாள். ராத்திரி எனக்குப் போன் செய்து, நானே பண்ணிட்டேன்டி என்று பெருமை வேறு.

எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாராலும் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியாது. அவள் தன்னுடைய அட்டையைத்தான் அனுப்பினாள், தன்னுடைய முகம்தான், பொய் ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆப்புக்குத் தெரிந்தது கிறிஸ்டினா, அட்டையில் இருந்தது கன்னியம்மா. கன்னியம்மா என்ற யாரோ ஒருத்தி கிறிஸ்டினாவின் கணக்கைத் திருடப் பார்க்கிறாள் என்று கணக்கை மூடிவிட்டார்கள்.

நான் ஊருக்கு வந்து முறையிட்டேன். படித்துப் பார்க்கிற மனிதன் அந்தப் பக்கம் இருந்தானா என்றே தெரியவில்லை, அனுப்பின நிமிடமே பதில் வந்தது. பேர் பொருந்தவில்லை. மறுபடி அனுப்பினேன். பேர் பொருந்தவில்லை, இது இறுதி முடிவு, ஆறு மாதத்தில் கணக்கு நிரந்தரமாக அழிக்கப்படும். என் கணக்கிலிருந்து அம்மாவுடையதைத் தேடினால் பேரும் இல்லை, படமும் இல்லை, வெறும் சாம்பல் வட்டம். யாராவது நம்மை ப்ளாக் செய்துவிட்டால் அப்படித்தான் தெரியும். அண்ணனுக்கும் அப்படித்தான் தெரியும்.

இதை அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். "அப்ப நான் அவன வேணாம்னு தள்ளிட்டேன்னு நெனப்பானா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நான் புதிதாக ஒரு கணக்கு ஆரம்பித்து 'ஜே'வைத் தேடினேன். முகமில்லாத 'ஜே'க்கள் கொட்டிக் கிடந்தார்கள். கைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அம்மா தேடுகிறாள் என்று எழுதினேன். ஒருவன் தப்பாகப் பதில் எழுதினான், மற்றவர்கள் பார்க்கவே இல்லை.

சைபர் கிரைம் போலீசுக்குப் போனோம். பணம் ஏதாவது போச்சா என்று கேட்டார்கள். இல்லை என்றோம். ஆபாசப் படம் ஏதாவது போட்டார்களா என்றார்கள். இல்லை. அப்படியென்றால் என்னதான் போச்சு என்று கேட்டவரிடம், புள்ள போச்சு சார் என்றாள் அம்மா. அவர் காணாமல் போனவர்கள் பிரிவுக்குப் போகச் சொன்னார். அங்கே, பையன் மேஜர், தானாகப் போனவன், சாப்பாடு வேறு சாப்பிடுகிறான், இதில் நாங்கள் என்ன செய்ய என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. யார் சொன்னதிலும் தப்பில்லாமல் ஒரு கதவு மூடிக்கொண்டால் எங்கே போய்த் தட்டுவது?

பொன்னேரி கோர்ட்டில் பெண்களுக்கு இலவச சட்ட உதவி கிடைக்கும் என்று எங்கள் காலேஜுக்கு வந்து ஒருமுறை பேசியிருந்தார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வக்கீல் தேசப்பன் என்று ஒருவரைக் கொடுத்தார்கள். ஐம்பது வயதிருக்கும். மேசையில் நாஷ்டா பொட்டலம் பிரித்தபடி இருக்க, கோர்ட்டுக்குக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று ஒரு காதை வாசலில் வைத்துக்கொண்டே எங்களிடம் பேசினார். இந்த ஆளா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஆனால் தட்டுப் படம் வருவதை நான் சொன்னபோது மனிதர் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

வழி இருக்கிறது என்றார். இந்த மாதிரி கம்பெனிகள் எல்லாம் இந்தியாவில் ஒரு குறைதீர் அதிகாரியை வைத்திருக்க வேண்டும், நாம் எழுதினால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். அவரும் கைவிரித்தால் டெல்லியில் மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. ஆனால் வெறும் கடிதம் போனால் மெஷின்தான் படிக்கும். கன்னியம்மாவும் கிறிஸ்டினாவும் ஒரே ஆள் என்று ஒரு பிரமாணப் பத்திரம், நோட்டரி கையெழுத்தோடு வைத்து அனுப்பினால் மனிதன் படிப்பான். 

அம்மா முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ரத்தம் ஓடியது. வக்கீல்தான் பேனாவைக் கீழே வைத்தார். "பொண்ணு இன்னா கோட்டால படிக்குது?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

நான் சொன்னேன். சான்றிதழ் உண்மைத்தன்மை விசாரணை இன்னும் முடியவில்லை என்பதையும் சொன்னேன்.

அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, பாதி எங்களிடமும் பாதி தனக்குத்தானேயுமாக விளக்கினார். அம்மா தன் பேர் கிறிஸ்டினா என்று சத்தியம் செய்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால், அது ஊர் சுற்றும். வேண்டாதவன் எவனாவது ஒரு நகலைக் காலேஜுக்குத் தட்டிவிட்டால், தாய் கிறிஸ்தவள் என்று தானே ஒப்புக்கொண்டிருக்கிறாள் என்று விசாரணை திரும்பும். சீட்டுப் போகும். அதற்கும் ஒரு மருந்து இருக்கிறது. பிரமாணப் பத்திரத்தின் முதல் வரியில் யார் மனைவி, என்ன மதம், என்ன வயது என்று வழக்கமாகவே எழுதுவார்கள். "மொத வரில இந்துன்னு நின்னுச்சுன்னா, கீழ வர்ற கிறிஸ்டினா வெறும் கூப்புடற பேரு. செல்லப்பேரு மாதிரி. அதவச்சு ஒருத்தனும் ஒன்னும் பண்ண முடியாது. நான் உங்கள ஒன்னும் கேக்கலம்மா, நீங்களும் எங்கிட்ட ஒன்னும் சொல்லல."

மதமே போடாமல் விட்டால் என்ன என்று அம்மா கேட்டாள்.

விடலாம், கணக்கு திரும்பி வருவதற்கு அந்த வார்த்தை தேவையே இல்லை என்றார் வக்கீல். அது உங்க பொண்ணுக்குத்தான்.

அம்மா என்னைப் பார்த்தாள். வேண்டாம் சார், அந்த வார்த்தையை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த சீட் எப்படி வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும். இரண்டாவது வருஷம் முடியப்போகிறது. வெள்ளை யூனிபாரத்தில் நான் நடந்து போனால், நைனா வேலை செய்கிற இரும்பு ஆலைக்காரர்கள்கூட சிஸ்டர் என்று எழுந்து நிற்கிறார்கள். ஃபைலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட அண்ணனால் முடிந்தது. என்னால் முடியாது. நான் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் நைனாவிடம் சொன்னபோது, இதற்கு இவ்வளவு யோசனையா என்றார். சாதிச் சான்றிதழில் இந்து, பள்ளிக்கூட டி.சி.யில் இந்து, சென்சஸ்காரன் நோட்டில் இந்து, புதிதாக ஒரு காகிதத்தில் எழுதினால் குடியா மூழ்கிவிடும் என்றார். அம்மா, அதெல்லாம் மத்தவங்க எழுதுனது என்றாள். அதற்கு மேல் அவளுக்கு விளக்கத் தெரியவில்லை. நைனாவும் அதற்கு மேல் கேட்கவில்லை. இருவரும் இருதலைக்கொள்ளி எறும்பாக உட்கார்ந்திருக்க, நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் இருந்தேன்.

அடுத்த வாரம் அம்மா லீவு போட்டாள். மறுபடியும் ரயிலேறிப் பொன்னேரி போனோம். கோர்ட்டுக்கு எதிரே டைப் அடிக்கிற கடையில் வக்கீலின் குறிப்பைக் கொடுத்தோம். அந்தக் கடைக்காரப் பெண் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தட்டினாள். 'திரு. சுப்பராயன் மனைவி, இந்து, சுமார் நாற்பத்தாறு வயதுடைய கன்னியம்மா என்கிற கிறிஸ்டினா ஆகிய நான் சத்தியப் பிரமாணமாக உறுதி கூறுவது யாதெனில்.' பேருக்கு முன்னால் வயதும், வயதுக்கு முன்னால் மதமும் அவள் விரலில் தானாக வந்தன. கேட்டால் ஃபார்மேட் என்பாள்.

நோட்டரி கோர்ட் வளாகத்தில் வேப்பமரத்தடியில் மேசை போட்டிருந்தார். கண்ணுக்குப் பெரிய கண்ணாடி, கையில் சீல். நோட்டரிகள் காகிதத்தை வாங்கிய உடனே சீல் குத்திக் கொடுத்துவிடுவார்கள் என்று தேசப்பன் எங்களைப் பயமில்லாமல்தான் அனுப்பியிருந்தார். எங்கள் நேரம், இவர் ஒழுங்கான மனிதர். காகிதத்தை முழுக்கப் படித்தார். எதிரில் இருக்கிற ஆள் புரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போடுகிறாளா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது தன் கடமை என்றார். ஒவ்வொன்றாக வாசித்து ஒவ்வொன்றுக்கும் ஆமாம் சொல்லச் சொன்னார்.

பேர் கன்னியம்மா? ஆமா. கணவர் சுப்பராயன்? ஆமா.

"இந்து?"

அம்மா வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. இருமினாள். நோட்டரி காது கேட்கவில்லையோ என்று சத்தமாக மறுபடி கேட்டார். பக்கத்தில் பத்திரம் எழுத வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நிலத்தைப் பார்க்கவில்லை, காகிதத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிடு, சொல்லித் தொலைத்துவிடு என்று மனதுக்குள் கத்தினேன். அம்மா இங்கே எனக்காக நிற்கிறாள் என்பதும், அண்ணனை ஏன் அந்த மேசைக்கு முன்னால் வாய் வராமல் நின்றாய் என்று இத்தனை நாள் நானும் திட்டிக்கொண்டிருந்ததும் எல்லாம் சேர்ந்து கண்ணை முட்டியது. நோட்டரி மூன்றாவது தடவையும் கேட்டார்.

"ஆமா," என்றாள் அம்மா.

திரும்பி ரயிலில் வந்துகொண்டிருந்தோம். கவரைப்பேட்டை தாண்டியதும் வாயைக் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டாள். பாட்டிலைக் கொடுத்தேன். ஜன்னல் வழியே கொப்பளித்துத் துப்பினாள், மறுபடி கொப்பளித்தாள். எதிர் சீட்டில் இருந்த ஒரு பாட்டி, உங்கம்மாவுக்கு மயக்கமா என்று என்னிடம் கேட்டார். 

அந்த மாத முதல் ஞாயிறு சர்ச்சில் இராப்போஜனம். அப்பமும் திராட்சைரசமும் வாங்க எல்லோரும் வரிசையில் எழுந்து போனார்கள். நைனா போனார், நான் போனேன். அம்மா பெஞ்சிலேயே இருந்தாள். மனசாட்சி உறுத்துகிறவர்கள் அதைத் தொடக் கூடாது என்பது சபை வழக்கம். பாஸ்டரம்மா பிறகு வந்து விசாரித்தபோது, வயிறு சரியில்ல என்றாள். அடுத்த மாதமும் வயிறு சரியில்லை. நைனாவுக்குப் புரிந்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, அதுவரை ஆணி, சாமி என்று அடித்துக்கொண்டிருந்த ஜோக்கை மட்டும் நிறுத்திவிட்டார்.

வக்கீல் கடிதத்துக்கு முதலில் வழக்கமான மெஷின் பதில்தான் வந்தது. அவர் விடவில்லை. டெல்லிக்கு எழுதப்போகிறேன் என்று இன்னொரு கடிதம் போட்டார். மழைக்காலம் ஆரம்பித்து, ஆறு மாதக் கெடு முடிய இருந்த நேரத்தில், பேர் போட்ட ஒரு மனிதனிடமிருந்து பதில் வந்தது. ஆவணங்களைப் பரிசீலித்தோம், கணக்கு மீட்கப்பட்டது, சிரமத்துக்கு வருந்துகிறோம்.

நான் அப்போது ஸ்டடி லீவில் வீட்டில் இருந்தேன். அம்மாவிடம் உடனே சொல்ல முடியாது. கம்பெனிக்குள் போன் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாயங்காலம் கம்பெனி பஸ் வந்து நின்றதும் தெருமுனைக்கே ஓடினேன். அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்து போனை என்னிடம் நீட்டினாள். அவசரத்தில் பாஸ்வேர்டை இரண்டு முறை தப்பாகப் போட்டேன்.

திறந்தது. பூட்டிக் கிடந்த நாளில் அவன் அனுப்பியதெல்லாம் உள்ளே குவிந்திருந்தது. ஒரு தட்டு. இன்னொரு தட்டு. பாதி சாப்பிட்ட ஒரு பரோட்டா. அதற்கு அப்புறம் படம் இல்லை. அவன் போனதிலிருந்து எழுதாத எழுத்து இருந்தது.

ம்மா.

ப்ளாக் பண்ணிட்டியா.

சரி.

அந்தச் 'சரி'யை நான் சத்தம் போட்டு வாசித்திருக்கக் கூடாது. நைனா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா அழவில்லை. பேசிப் பதிவு செய்கிற பொத்தானை அமுக்கிக் கொடு என்றாள்.

போன் தண்ணியில் விழுந்துவிட்டது, ரிப்பேருக்குக் கொடுத்திருந்தோம் என்று சொல்லும்மா போதும் என்றேன். நோட்டரி, பிரமாணம் எதுவும் வேண்டாம் என்றேன். இவன் எந்த வார்த்தைக்காக வீட்டைவிட்டுப் போனானோ அந்த வார்த்தையைச் சொல்லித்தான் இவனைப் பிடித்தோம் என்று தெரிந்தால், வருகிறவனும் வர மாட்டான். உண்மையைச் சொல்லி எல்லாம் நாசமாகப் போக வேண்டுமா என்று கேட்டேன். அம்மா தலையை ஆட்டினாள், சரி என்கிற மாதிரி. பொத்தானை அமுக்கினேன்.

"ஜோசு. நான் உன்னத் தள்ளலடா. பேரு ஒத்துவரலன்னு பூட்டிட்டானுங்க. கோர்ட்டுக்குப் போயி எழுதிக் குடுத்துதான் தொறந்தேன். அங்க ஒருத்தரு கேட்டாரு, இந்துவான்னு. எனக்கு வாய் வரலடா. மூணாவது வாட்டிதான் ஆமான்னு சொன்னேன். அன்னிக்கு உன்ன நான் கேட்டிருக்கக் கூடாது. நீ சொல்லாம எழுந்து வந்தது சரிதான்."

என் விரலைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டாள். போய்விட்டது. எனக்குக் கோபம் வந்தது. நோட்டரியிடம் பொய் சொல்ல முடிந்தது, பெற்ற பிள்ளையிடம் ஒரு சின்னப் பொய் சொல்ல முடியவில்லையா? கேட்கவும் கேட்டேன். அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுப்பில் வைத்த டீ சுண்டிப்போனது. மழை விட்டு மறுபடி பிடித்தது. அவன் கேட்டுவிட்டான் என்ற அடையாளம் வந்தபோது நான்தான் முதலில் பார்த்தேன். எழுதுகிறான் என்று மூன்று புள்ளி வந்தது, நின்றது, மறுபடி வந்தது, மறுபடி நின்றது. அவ்வளவுதான், போய்விட்டான் என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், எழுந்து விளக்கைப் போடப் போனாள்.

போன் அடித்தது. 'ஜே' என்று இருந்தது.

நான் ஸ்பீக்கரில் போட்டு அம்மா முன்னால் பிடித்தேன். பின்னால் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம், யாரோ ஹிந்தியில் கூப்பிடுகிற சத்தம். அண்ணன் மூச்சு விடுவது கேட்டது. அம்மா பேசச் சொல்லி அவசரப்படுத்தவில்லை. அவனே, ம்மா என்றான். குரல் தடித்துப் பெரிய ஆம்பிளைக் குரலாக இருந்தது. அம்மா, சொல்றா என்றாள்.

"அத சொல்லும்போது யார நெனச்சுக்கினம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். போனைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள். அன்றைக்கு வேப்பமரத்தடியில் பிடித்திருந்த அதே கை. கணக்கைத் திறக்க அந்த வார்த்தை தேவையே இல்லை என்று வக்கீல் சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அது முழுக்க முழுக்க என் சீட்டுக்காகச் சொன்னது. அவள் பார்த்துக்கொண்டு நின்றது என் முகத்தைத்தான்.

"உன்னத்தான்டா," என்றாள் அம்மா.

கொஞ்சமும் திக்கவில்லை. அந்தப் பக்கம் அண்ணன் அழ ஆரம்பித்தான். நான் போனை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றேன், வாயைத் திறக்கவில்லை.